பன்னிரண்டாம் எண் மாடு

11.4.1983, செட்டிகுளம் கால்நடை மருந்தகம்
சென்னையிலிருந்து புது ஊசி மருந்து வந்தது. சாணி போடாமல் வயிறு கட்டிக்கொண்ட மாடுகளுக்குச் சோதித்துப் பார்க்க வேண்டும். வருகிற வரிசையில் ஒற்றை எண்ணுக்குப் புது ஊசி, இரட்டை எண்ணுக்குப் பழையபடி பேதி உப்பு. மழை பொய்த்ததால் எல்லா மாடும் காய்ந்த சோளத்தட்டையைத் தின்று, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடக்கின்றன. சோதனைக்கு மாடு கிடைக்காமல் போகாது.

19.4
பதினொரு மாடு ஆயிற்று. ஊசி போட்ட ஆறும் தேறிவிட்டன. உப்புக் கொடுத்த ஐந்தில் ஒன்று செத்தது.

20.4
பன்னிரண்டாவதாகக் காத்தாயியின் மாடு. நாலு நாளாகச் சாணி இல்லை. ஆறு மாதச் சினை. உப்பை எடுக்கச் சொன்னேன்.

"ஊசி போட்ட மாடெல்லாம் எந்திரிச்சு நிக்குதாமே. எனக்கு மட்டும் ஏன் சார் உப்பு? எங்கிட்ட இருக்குறது இது ஒண்ணுதாங்க."

காலில் விழ வந்தாள். கம்பவுண்டர் அங்கமுத்து என் முகத்தைப் பார்த்தார். சினை மாட்டுக்குப் போடலாமா என்று மருந்தோடு வந்த தாளில் ஒரு வார்த்தை இல்லை.

போட்டுவிட்டேன். பொழுது சாய்வதற்குள் சாணி போட்டது. வரிசையை மீறியதில் வருத்தமே இல்லை.

22.4
காத்தாயியின் மாடு குறைமாதத்திலேயே கன்று வீசிவிட்டது. செத்து விழுந்தது பெண் கன்று.

23.4
குடலை முறுக்குகிற மருந்து கருப்பையையும் முறுக்கும் — படித்தவனுக்கு இது தோன்ற வேண்டாமா? தோணல. தோணவே இல்ல. பாவம் பார்த்துப் போட்டேனா, ஆறு மாடு தேறிய பெருமையில் போட்டேனா?

அங்கமுத்து சொல்கிறார்: "வெயில் தாங்காம வீசிடுச்சுன்னு சொல்லிடலாம் சார். யாரு கேக்கப் போறா?"

24.4
காத்தாயி வீட்டுக்குப் போனேன். யாரோ கண்ணு வச்சிட்டாங்க என்று அழுதுகொண்டிருந்தாள்.

"இல்லம்மா. நான் போட்ட ஊசியாலதான்."

அழுகை நின்றது. "நாந்தானே கேட்டேன்" என்றாள்.

"கேட்டது நீங்க. தெரிஞ்சிருக்க வேண்டியவன் நான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

25.4
நடந்ததை மறைக்காமல் சென்னைக்கு எழுதினேன்.

9.5
சென்னையிலிருந்து பதில். வரிசை மீறிப் போட்ட மாடு என்பதால் பன்னிரண்டாம் எண்ணை அறிக்கையில் சேர்க்க வேண்டாமாம். சேர்க்காவிட்டால் வேறொரு ஊரில் வேறொரு சினை மாட்டுக்குப் போடுவார்களே! மறுபடி எழுதினேன்.

30.5
பதில் இல்லை. மூன்றாவது கடிதம்.

27.6
எல்லா மருந்தகங்களுக்கும் தாள் வந்திருக்கிறது. சினை மாடுகளுக்கு இந்த ஊசி கூடாது. காரணம் எழுதவில்லை. வரிசையை மீறியதற்கு விளக்கம் கேட்டு எனக்குத் தனியாக ஒரு மெமோ.

4.7
ஆண்டாயி என்று ஒருத்தி சினைப்பசு ஓட்டிவந்தாள். மூன்று நாளாகச் சாணி இல்லை. உப்பும் எண்ணெயும் கொடுத்துப் பக்கத்திலேயே இருந்தேன். ஐந்து மணிக்குத்தான் போட்டது. பெரம்பலூர்க்காரியாம். அங்கேயே ஆஸ்பத்திரி இருக்க, இவ்வளவு தூரம் ஏன் வந்தாள்?

"காத்தாயிதாங்க கூட்டியாந்தா. அந்த டாக்டரு நெசத்தச் சொல்லுவாருன்னா."

வெளியே பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் காத்தாயி நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை.