பெட்டி வாசலை அடைத்த வாரம்

மார்ச் 11, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே முதுகு சுடுகிறது. பங்குனி இன்னும் பிறக்கவில்லை.

தேனீப் பெட்டி பார்க்கும் நாள். தலையில் எண்ணெய் இல்லை, பூ இல்லை (வாசனை பட்டால் கொட்டும்). தேங்காய் நாரில் புகை, இரண்டே ஊது. கீழ் அறையில் ஏழு சட்டம், ஐந்தில் முட்டையும் புழுவும். ராணியைக் கண்ணால் பார்த்தேன், நாலாவது சட்டத்தில். மேல் அறையில் தேன் நிறைய, ஈக்கள் இன்னும் மெழுகால் மூடவில்லை. எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியின் நாலு கால் கிண்ணத்திலும் தண்ணீர் மாற்றினேன்.

ஜன்னலிலிருந்து அதிகாரம். "சட்டத்த சாய்க்காத டீச்சர், நேரா புடி. தேன் கொட்டிடப் போவுது." கட்டிய பெண்டாட்டியை டீச்சர் என்று கூப்பிடும் ஒரே ஆள் உத்திரமேரூர் வட்டாரத்தில் இவராகத்தான் இருக்கும்.

பெட்டி அவருடையது, கைதான் என்னுடையது. வாலாஜாபாத் ரைஸ் மில்லில் பெல்ட்டும் சக்கரமும் பூட்டிக்கொண்டிருந்த மனுஷன். வாதம் வந்து வலது பக்கம் விழுந்து இரண்டு வருடம். விரல் பயிற்சிக்கு டாக்டர் ரப்பர் பந்து கொடுத்தார். இடது கையால் அதை ஜன்னல் வழியே எறிந்தார். அப்புறம் அவரே கண்டுபிடித்ததுதான் புளியங்கொட்டை. காலில் மஞ்சள் மகரந்தம் கட்டிக்கொண்டு ஒரு ஈ பெட்டிக்குள் போனால், வலது கையால் ஒரு கொட்டையை இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்குப் போட வேண்டும். தை மாதத்தில் காலை முழுக்க ஒன்பது. இன்று அறுபத்திரண்டு!

பருப்பு தீர்ந்துவிட்டது. மறக்காமல் சீயக்காய்.

மார்ச் 13, செவ்வாய்

பரீட்சைத் தாள் கட்டு திருத்தாமல் கிடக்கிறது. வியாழன் லீவு கேட்டேன், தலைமை ஆசிரியை அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் சினிமாவுக்கா போகிறேன்?

சாயங்காலம் பக்கத்து வயல் ஏகாம்பரம் வந்தார். நெல் பூத்து நிற்கிறது, புகையான் பூச்சி விழுந்துவிட்டதாம்.

"வியாயக்கெயம காலைல மருந்து அடிக்கப் போறேன் டீச்சரம்மா. சொல்லாம அடிச்சா அண்ணன் என்ன சும்மா வுடுவாரா?"

நல்ல மனுஷன். போன வருஷம் யாரோ சொல்லாமல் அடித்ததில் பாதி ஈ வாசலிலேயே சுருண்டு செத்தது. அதிலிருந்து இவர் சொல்லிவிட்டுத்தான் அடிப்பார். ஆனால் பெட்டிக்குப் பத்தடி தள்ளியே நிற்பார். சின்ன வயதில் மலைத்தேனீ கொட்டி நாலு நாள் காய்ச்சல்.

வியாழன்தான் எங்களுக்குக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளும். ஏகாம்பரம் போன பின் நாங்கள் இருவரும் போட்ட ஏற்பாடு: புதன் பொழுது சாய்ந்து, ஈ எல்லாம் அடங்கியதும் பெட்டி வாசலை அடைப்பது. வியாழன் சாயங்காலம் வந்ததும் திறப்பது. ஒரு பகல் தாங்கும்.

மார்ச் 14, புதன்

வாசலுக்கு வைக்கும் கம்பிவலைத் துண்டைத் தேடினேன், தேடினேன். அகப்படவில்லை.

"வல வேணாம். மருந்து காத்தோட உள்ள பூந்துடும். துணிய நனைச்சி கெட்டியா அட. சந்து வுடாத."

அடைத்தேன். மூடி இடுக்கிலும் சாணி மெழுகினேன். அதை அவர் சொல்லவில்லை, என் அதிகப்பிரசங்கித்தனம். மேலே ஈரச் சாக்கு. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே முணுமுணு என்று ஒரே பேச்சு, மணி அடிக்கும் முன் என் மூன்றாம் வகுப்பு.

மார்ச் 15, வியாழன். ஆஸ்பத்திரி

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அவருக்குப் பிரஷர் ஏறியிருக்கிறதாம். வார்டில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு மூன்று நாளாகும்.

மத்தியானம் கண் திறந்ததும் முதல் கேள்வி. "பூச்சிங்க?"

"நம்மூர் பஸ் கண்டக்டர்கிட்ட சொல்லி அனுப்பிட்டேன். ஏகாம்பரம் துணிய எடுத்துடுவாரு."

"அவனா? அவன் பயந்து சாவானே."

"எடுத்துடுவாரு. தூங்குங்க."

தூங்கினார். நான் யாரிடமும் சொல்லவில்லை. படி இறங்கி ஓடுவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்ததற்கு நிற்கலாம் என்றால் ஊசி போட நர்ஸ் கூப்பிட்டாள். பிள்ளைகள் பொய் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள் நான்.

மார்ச் 16, வெள்ளி

ஃபேன் ஓடவில்லை. அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தேன். சூடு ஏறினால் ஈக்களும் வாசலில் வரிசையாக நின்று இறக்கையால் விசிறும். அவர்தான் காட்டிக் கொடுத்தார். வாசல் இருந்தால் விசிறும்.

இன்றாவது யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். ஏகாம்பரத்திடம் போன் கிடையாது, ஆனால் ஊர் பஸ் நாலு தடவை வந்து போயிருக்கும். ஏன் போகவில்லை? படுக்கையை விட்டு நகர முடியவில்லை என்று எழுதினால் பாதி உண்மை. மருந்து அடித்த வயல் பக்கத்தில் இருக்கிறது, மூடியிருப்பதே நல்லது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டது மீதி.

இட்லி வாங்கினேன். கல்.

மார்ச் 17, சனி

நாத்தனார் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாற்றுத் துணி எடுக்க என்று சொல்லிப் பத்து மணி பஸ் ஏறினேன்.

மருந்து அடித்தால் ஏகாம்பரம் காலி டின்னை ஒரு குச்சியில் கவிழ்த்து வரப்பில் நட்டு வைப்பார், யாரும் மாடு ஓட்டக் கூடாது என்று. பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பைப் பார்த்தேன். டின் இல்லை. வாடையும் இல்லை. வரப்போடு வீட்டுக்கு ஓடினேன்.

சாக்கு காய்ந்து கிடந்தது. கிண்ணத்தில் தண்ணீர் வற்றி, நாலு காலிலும் எறும்புச் சாரை. அடைத்த துணி வழியே தேன் கசிந்துகொண்டிருந்தது.

திறந்தேன். சூட்டில் தேனடை உருகி அறுந்து ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருந்தது. தேனில் நனைந்து அத்தனையும் செத்துக் கிடந்தன. வாசல் பக்கம்தான் குவியல் அதிகம். துணியின் உள்பக்கத்தைப் பிய்த்துப் பிய்த்து நூலாக்கியிருந்தன. ராணியைத் தேடினேன். தேடாமல் இருந்திருக்கலாம்.

அழுதேன். சத்தமாகவே.

சத்தம் கேட்டு ஏகாம்பரம் வரப்பிலிருந்து ஓடி வந்தார். முதல் தடவையாகப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க ஊர்ல இல்ல டீச்சரம்மா. பூச்சிய யாரு பாப்பாங்கன்னு அதான் மருந்தே அடிக்கல. நீங்க வந்தப்புறம் அடிச்சிக்கலாம்னு வச்சிக்கினேன். முந்தின ராத்திரியே நீங்க அடைச்சிட்டுப் போனது எனக்கு இன்னா தெரியும்? கிட்ட வந்து பாத்துக்கினு இருந்தா..."

தலையில் அடித்துக்கொண்டார். எங்களுக்காக மூன்று நாள் பயிரைப் புகையானுக்குக் கொடுத்த மனுஷன். நான்தான் அவரைச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

முருங்கை மரத்தடியில் குழி தோண்டி எல்லாவற்றையும் கொட்டினோம். பெட்டியைக் கழுவி இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மார்ச் 18, ஞாயிறு. ஆஸ்பத்திரி

"ஏகாம்பரம் தொறந்தானா?"

"திறந்தார். ஆனா பூச்சிங்க கூட்டை விட்டுப் பறந்துடுச்சு. மருந்து வாடை ஒத்துக்கல போல."

"அடைல தேன் இருந்துச்சா?"

"இல்லை."

"அப்ப சரி. தேன குடிச்சிட்டுத்தான் கெளம்பும். நல்ல ராணி அது. எங்கனா பொயச்சிக்கும்."

வராந்தாவுக்குப் போய் நின்றேன்.

மார்ச் 21, புதன்

வாடகை காரில் வீடு. கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தேன். "ஜன்னலாண்ட போடு" என்றார். போட்டேன். காலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நலம் விசாரிக்க ஏகாம்பரம் வந்தார். நான் அடுப்படியில். கண் ஜாடை காட்டக்கூட முடியவில்லை.

"மன்னிச்சிக்க அண்ணே. நான் மருந்தே அடிக்கல. அடிச்சிருந்தா டீச்சரம்மா வாசல அடைச்சதுக்காவது ஒரு அர்த்தம் இருந்திருக்கும். அத்தினியும் வெந்து போச்சே."

உலையில் அரிசி பொங்கி வழிந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து அவர் குரல், மெதுவாக: "நாந்தான்டா கெட்டியா அடைக்கச் சொன்னேன்."

சாப்பாடு ஊட்டும்போது என்னைப் பார்த்தார். கண்டக்டரைப் பற்றிக் கேட்பார், கேட்பார் என்று இருந்தேன். கேட்கவில்லை. திட்டியிருக்கலாம். சாணி மெழுகியது நான் என்று சொன்னேன். "சோறு ஆறுது" என்றார்.

மார்ச் 22, வியாழன்

மேகம் இல்லை. பள்ளிக்கு லீவு. பால் வாங்க வேண்டும்... இல்லை, பால்காரி வந்து ஊற்றிவிட்டாள், மறந்தே போனேன்.

கம்பிவலைத் துண்டு அகப்பட்டது. அரிசி டின்னுக்கு மூடியாக நானே போட்டிருக்கிறேன்.

எழுந்ததும் பழக்கத்தில் இரண்டு தட்டையும் கட்டிலில் வைத்துவிட்டேன். எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அவர் வலது கை கொட்டையின் மேல் கிடந்தது. ஒன்றும் நகரவில்லை.

"டீச்சர்."

"என்ன?"

"ஏகாம்பரத்துக்கு ஆள் அனுப்பு. பயிர் வீணாவுது. இனிமே எங்கள கேக்க வேணாம், எப்ப வேணா மருந்து அடிச்சிக்கலாம்னு சொல்லு."

நானே போய்ச் சொன்னேன். பத்து மணிக்கு வரப்பில் டின் ஏறியது. ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.