சிவக்கவில்லை, கன்றியிருக்கிறது

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் என் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எழுந்ததும் நான் முதலில் நினைப்பது அதைத்தான். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதப் போனேன், உங்கப்பா எட்டிப் பார்த்துவிட்டு, ஒண்ணே முக்கால் பேர் நலம்னு எழுது, என் கால் இன்னும் முழுசா வரலை என்கிறார். வாய் மட்டும் முழுசாக வந்துவிட்டது. ஸ்டூலின் மேல் தலையணை வைத்து இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ராஜா மாதிரி உட்கார்ந்து என்னை வேலை வாங்குகிறார். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும். அப்பாவுக்குக் காலில் இன்ஃபெக்‌ஷன் வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டார் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். முழுக்கதையையும் இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் அதில் உன் மகளுக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது.

எல்லாம் ஒரு பேண்ட்டில் ஆரம்பித்தது. கம்பெனி பஸ் ஓட்டப் போட்டுக்கொண்டு போகிற அந்தச் சாம்பல் நிறப் பேண்ட், நானே அளவெடுத்துத் தைத்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்து, இடது கால் பிடிக்குது, நீ தைச்ச லட்சணம் இதுதானா என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். இந்தத் தெருவில் பாதிப் பேர் என் கையால் தைத்ததைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்கள், ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்லை, கட்டின புருஷன் குறை சொல்கிறார். ரெண்டு காலும் ஒரே துணி ஒரே அளவு, உங்க கால்தான் கோணல் என்று சொல்லிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை, பேண்ட்டை வாங்கி இடது பக்கத் தையலைப் பிரித்து விட்டுக் கொடுத்தேன். மறுநாளும் பிடிக்கிறது என்றார். இன்னும் கொஞ்சம் பிரித்தேன். பேண்ட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேனே தவிர, அதற்குள் இருந்த காலை நானும் பார்க்கவில்லை, அந்தக் காலுக்குச் சொந்தக்காரரும் பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

அப்புறம் நொண்ட ஆரம்பித்தார். தெருமுனை கிளினிக்குக் கூட்டிப்போனேன், அங்கே கூட்டம் எப்படி என்று உனக்குத் தெரியும். டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே எட்டிப் பார்த்து, சிவந்திருக்கா என்று கேட்டார். இல்லை என்றோம். சிவக்கவில்லைதான், பொய் சொல்வானேன். நாள் முழுக்க கிளட்ச் மிதிக்கிறீங்க, தசைப்பிடிப்புதான் என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, கேட்ட கேள்விக்கு நாங்களும் சரியாகத்தான் பதில் சொன்னோம், அந்தக் கேள்விதான் உங்கப்பா தோலுக்குப் பொருந்தவில்லை. அன்று சாயங்காலம் உங்கப்பா காலைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினார். நீயும் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, ஒண்ணும் தெரியலையேப்பா, பளபளன்னு நல்லாத்தானே இருக்கு என்றாய். நீ என்ன செய்வாய், படத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தக் கூத்தைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கிடுகிடுவென்று நடுங்கினார். அந்த வெயிலில் போர்வை கேட்டார். தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே வந்து நின்ற டாக்டர் ஒரு சின்னப் பெண். உன்னைவிட வயது குறைவுதான் இருக்கும், அதனால் அது இது என்று எழுதுகிறேன், மரியாதை நெஞ்சு நிறைய இருக்கிறது. உங்கப்பா என் காதில், இது ஸ்கூல் முடிச்சிருச்சான்னு கேளு என்றார். பல் தந்தியடிக்கிறபோதும் நக்கலுக்குக் குறைச்சல் இல்லை. அந்தப் பெண் முதலில் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னது, ட்யூப்லைட்டில் பார்த்தால் ஏமாந்து போவோம், பகல் வெளிச்சம் வேண்டும் என்றது. இரண்டு காலையும் முட்டிக்கு மேல் திறந்து காட்டச் சொன்னது. வலிக்காத காலை எதுக்கும்மா என்று இவர் கேட்டார். அதுதான் சார் எனக்கு சாட்சி, உங்க தோலோட சொந்த நிறம் என்னன்னு அதுதானே சொல்லணும் என்றது. எனக்கு அங்கேயே பாதி பயம் போய்விட்டது.

கையைக் கழுவித் துடைத்துப் புறங்கையை முதலில் நல்ல காலில் வைத்தது, பிறகு வலிக்கிற காலில். என் கையையும் பிடித்து அதேமாதிரி வைத்துக் காட்டியது. இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் போல இருந்ததடா. அப்புறம் என்னைப் பார்த்து, நீங்க தினம் பாக்கறவங்க, நீங்க சொல்லுங்கம்மா, இந்த இடம் எப்பவும் இந்த நிறம்தானா என்று கேட்டது. இத்தனை நாளில் அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. குனிந்து நன்றாகப் பார்த்தேன். உங்கப்பா நல்ல கருப்பு, அது ஊருக்கே தெரியும். ஆனால் கணுக்காலுக்கு மேலே ஒரு இடம் அந்தக் கருப்பு இல்லை, கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஊதா ஓடி, விறைத்துப் போய் மினுமினுத்தது. நீ பளபளப்பு என்று சொன்னாயே, அந்த மினுமினுப்பு வீக்கம். சிவக்கலைம்மா, கன்றிப் போயிருக்கு என்றேன். அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, அதுதாம்மா, நான் கேட்க வேண்டிய வார்த்தையே அதுதான் என்று பக்கத்தில் நின்ற நர்ஸிடமும் திருப்பிச் சொன்னது. புத்தகத்தில் போடுகிற படம் பெரும்பாலும் வெளுத்த தோல், அதில் இந்த இன்ஃபெக்‌ஷன் சிவப்பாகத் தெரியும், நம்ம மாதிரித் தோலில் ஊதாவாகவோ அடர் பழுப்பாகவோ சாம்பல் பூத்த மாதிரியோ தெரியும், சில பேருக்கு நிறமே மாறாது, அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் கையால் பார்க்க வேண்டும், சூடு இருக்கா, வீக்கம் இருக்கா, தொட்டால் வலிக்கிறதா, தோல் இறுகியிருக்கிறதா என்று நிதானமாகச் சொன்னது. நம்ம மாதிரி என்று சொன்னது பார், அந்தப் பெண்ணும் உங்கப்பா நிறம்தான்.

சொல்லிக்கொண்டே என் கழுத்தைப் பார்த்து, அந்த டேப்பைக் கொஞ்சம் கொடுங்கம்மா என்றது. அப்போதுதான் தெரிந்தது, ஓடிவந்த அவசரத்தில் அளவு டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் அளந்தது. இடது கால் ஒன்றரை இஞ்ச் அதிகம். பாத்தீங்களா, தப்பு என் தையல்ல இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. இன்னும் விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும், அப்புறம் காலோடு நின்றிருக்காது என்று அந்தப் பெண் மறைக்காமல் சொன்னது. அடுத்து, சூடு எங்கே முடிகிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, இனிமேல் பரவுகிறதா என்று தெரிய அந்த எல்லையில் பேனாவால் கோடு போட்டது. நீலக் கோடு அவர் தோலில் இருக்கிற இடம் தெரியவில்லை. நான் பையைத் துழாவி, கருப்புத் துணிக்கு அளவு போடுகிற வெள்ளைப் பென்சிலை எடுத்து நீட்டினேன். அடடா, இதைத்தாம்மா தேடினேன் என்று வாங்கி, ஸ்பிரிட்டால் துடைத்துச் சுற்றிலும் கோடு இழுத்தது. வெள்ளை வெளேரென்று தெரிந்தது. பேண்ட் வெட்டறதுக்கு முன்னாடி இவளும் இப்படித்தான் போடுவா, கத்திரிக்கோலைக் கொண்டுவந்துடப் போறீங்க என்று உங்கப்பா காலை இழுத்துக்கொண்டார்.

அன்றே அட்மிட் செய்து ஊசியில் மருந்து ஏற்றினார்கள். மறுநாள் காலை பார்த்தால் வீக்கம் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை போயிருந்தது. எனக்கு உயிரே இல்லை. அந்தப் பெண் வந்து புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு கொஞ்சம் தணிஞ்சிருக்கு, காய்ச்சலும் இறங்குது, முதல் நாள் இப்படிக் கொஞ்சம் தாண்டறது உண்டு, பயப்படாதீங்க, நான் திரும்ப வருவேன் என்றது. சொன்ன மாதிரியே வந்து வந்து பார்த்தது. அதற்கு அடுத்த நாள் வீக்கம் கோட்டுக்குள் அடங்கியிருந்தது. அந்த வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே சுருக்கம் விழுந்திருந்த தோலைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம், நீ முதல் சம்பளம் வாங்கி வந்த அன்றுகூட வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. கிருமி எங்கே நுழைந்தது தெரியுமா, கால் விரல் இடுக்கில். நாள் பூராவும் ஷூவுக்குள் கால் வெந்து சேற்றுப்புண் வந்து வெடித்திருக்கிறது. அரிப்புக்கு மருந்துக்கடையில் யாரோ சொன்ன ஒரு க்ரீமை வாங்கி எனக்குத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். அதில் இருக்கிற ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிப் புண்ணை வளர்க்கும் என்று அந்தப் பெண் சொல்லி, க்ரீமைக் குப்பையில் போடச் சொன்னது. இப்போது வேறு களிம்பு, குளித்ததும் விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்கிற வேலை, எல்லாம் என் மேற்பார்வையில்.

அந்தப் படக் கூத்துக்கு வருகிறேன். கிளம்புகிற அன்று டாக்டரிடம் உங்கப்பா ஃபோனைக் காட்டி, என் பையனும் பாத்து ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னான் என்றார். அந்தப் பெண் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. நம்ம ஃபோன் தானாகவே ஆளை வெளுப்பாக்கி, தழும்பு, சுருக்கம், கன்றின இடம் எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுகிறதாம். அதனால்தான் உங்கப்பா அந்த ஃபோனில் தன்னை அடிக்கடி எடுத்துக்கொண்டிருந்தார் போலும். இது உங்களை மாப்பிள்ளையாக்குது சார், ஆனா வியாதியை ஒளிச்சு வைக்குது என்று சொல்லி எங்கேயோ அமுக்கி அதை நிறுத்திவிட்டது. காலை மறுபடி எடுத்தால் ஆறின பிறகும் கன்றினது அப்படியே தெரிகிறது. அந்த இடம் ரொம்ப நாள் இன்னும் கருப்பாகத்தான் இருக்கும், அது கறை, நோய் இல்லை, வெளுக்கிறதுக்கு என்று எதையாவது வாங்கித் தடவாதீங்க என்று என்னிடம் தனியாகச் சொன்னது. ஆள் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும், வீக்கம் போயிடுச்சு, மாத்திரை போதும் என்றார் இவர். கடைசி மாத்திரை வரை என் கண் முன்னால்தான் விழுங்கினார்.

இப்போது உன் விஷயம். போன தடவை பேசும்போது மருமகள், பாப்பா தாத்தா நிறத்துல வந்திருக்கா அத்தை என்றாள். நீ சிரித்துக்கொண்டே, வளர வளர வெளுத்துடுவா என்றாய். இப்போது சொல்கிறேன், அவள் வெளுக்க வேண்டாம். நீ இருக்கிற இடத்திலும் டாக்டர்கள் சிவந்திருக்கா என்றுதான் கேட்பார்கள். அவள் காலிலோ கையிலோ கடி, சிராய்ப்பு, புண் எது வந்தாலும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார், புறங்கையை வைத்துப் பார், அவளுடைய நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார். சூடும் வீக்கமும் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தொடவிடாமல் அழுதாலோ ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு நிற்காதே, தூக்கிக்கொண்டு ஓடு. அங்கே போய், எப்பவும் இந்த நிறமில்லை, கன்றியிருக்கு என்று நீதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவளுடைய நிறம் உனக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். உங்கப்பா நிறம் எனக்கு மனப்பாடம், அதனால்தான் இன்றைக்கு எதிரே உட்கார்ந்து தண்ணீர் கேட்டு அதட்டிக்கொண்டிருக்கிறார்.

மருமகளுக்கு என் அன்பு. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய். நீ அனுப்பின பேத்தி படங்களையெல்லாம் நேற்று எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறாள், உன் ஃபோனும் எங்கள் ஃபோனுக்குச் சொந்தம்தான் போலிருக்கிறது. அதை அமுக்கி நிறுத்திவிட்டு, ஜன்னல் ஓரம் உட்காரவைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. பிறந்ததிலிருந்து என் பேத்தியை நான் இன்னும் பார்க்கவே இல்லை.

இப்படிக்கு,
கழுத்தில் டேப்போடு
உன் அம்மா