நாற்காலிக்கு ஒரு மணப்பெண்

12 மே 1966

எங்கள் நிலக்கரி டவுன்ஷிப் பிளாக்கின் மாதர் சேவா சங்கம் இன்று பக்கத்துக் கிராமம் முத்தாண்டிக்குப்பத்தில் கம்பளி வழங்கியது. கத்திரி வெயிலில்! டிசம்பரில் கொடுக்க வாங்கியது. அப்போது தலைவி ருக்குமணி அம்மாளுக்குத் தோதுப்படவில்லை. ஜூனோடு சங்க வருஷம் முடிகிறது. அறிக்கையில் 'கம்பளி வழங்கினோம்' என்று வந்தாக வேண்டுமே. காரியதரிசி நான். நானே ஒவ்வொருவர் தோளிலும் போர்த்திவிட்டு, என் வேர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

"இத்த வச்சிகினு இப்ப என்னாங்க பண்றது?" என்றார் ஒருவர்.

"பலாப்பழத்த மூடி வையி, சீக்கிரம் பழுக்கும்" என்றாள் சாமியம்மாள்.

அந்த ஊர்க்காரி. எங்கள் தையல் வகுப்பில் கற்றவள். புருஷனுக்குக் கான்ட்ராக்ட் வேலை போய்விட்டது. "எனக்குக் கம்பளி வேணாங்க. தரேன்னு சொன்ன மிஷின குடுங்க" என்றாள். அந்தத் தையல் மிஷின் ரிப்பன் கட்டி எட்டு மாதமாக சங்க ஹாலில் நிற்கிறது. தலைவி கையால், போட்டோ எடுத்துத்தான் கொடுப்பது வழக்கம். ருக்குமணி அம்மாளுக்கு நல்ல போட்டோக்காரர் கிடைக்கவில்லை.

"அடுத்த தலைவி கொடுப்பாங்க" என்றேன். அடுத்த தலைவி யார் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

5 ஜூன்

எங்கள் சங்கத்தில் தேர்தல் கிடையாது. பிளாக்கில் யார் வீட்டுக்காரர் பெரிய உத்தியோகமோ அந்த அம்மாள் தலைவி. ருக்குமணி அம்மாளின் கணவர் இம்மாதம் ரிட்டையர் ஆகிறார். அந்த இடம் என் வீட்டுக்காரருக்கு வந்தால் நாற்காலி எனக்கு. மூன்று வருஷமாகக் கூட்ட மினிட்ஸ் எழுதியே விரல் காய்த்துப்போச்சு. ஆசைப்படக் கூடாதா என்ன?

இவரோ கசங்கின சட்டையோடு மைன்ஸ் போவார், வந்து கத்தரிச்செடிக்குத் தண்ணீர் விடுவார். கஞ்சி போட்ட சட்டை எடுத்து வைத்தேன். பெரிய அதிகாரி முன்னால் கொட்டாவி விடாதீங்க என்றேன்.

"நீ தலைவி ஆவறதுக்கு நான் மைன்ஸ்ல தலைகீழா நிக்கணுமா?"

"நில்லுங்களேன், என்ன குறைஞ்சுபோகும்?"

30 ஜூன்

ருக்குமணி அம்மாளுக்கு மாலை, சந்தனம், பிரிவுரை. அழுதேன். கொஞ்சம் நிஜமாகவே.

இவருக்கு வரவில்லை. வெளியூரிலிருந்து யாரோ வேலுமணி என்பவரைப் போட்டுவிட்டார்கள். இவர் பாட்டுக்குக் கத்தரிக்காய் பறித்துக்கொண்டு வந்து நீட்டுகிறார். வாங்கிக் கூடையில் எறிந்தேன்.

3 ஜூலை

கடவுளே. வேலுமணிக்குக் கல்யாணமே ஆகவில்லை!

அவசரக் கமிட்டி. இப்போது யார் தலைவி? உபதலைவி நாகம்மாள் எழுந்து, "அவருக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் நாற்காலி காலியாவே இருக்கட்டும். வர்ற பொண்ணை அவமதிக்கக் கூடாது" என்றாள். வராத பெண்ணுக்கு மரியாதை! எல்லோரும் கை தட்டினார்கள். தீர்மானத்தை எழுதினது யார்? இந்தக் கைதான்.

19 ஜூலை

சேவை எல்லாம் நின்றுபோச்சு. கமிட்டி முழுக்க வேலுமணிக்குப் பெண் தேடுகிறது. சங்க ஃபைலில் பதினோரு ஜாதகம். நாகம்மாள் முறுக்கு டின்னோடு தினமும் அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கிறாள். மனுஷன் தாங்க முடியாமல் செகண்ட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாராம்.

3 ஆகஸ்ட்

சாமியம்மாள் நடந்தே வந்திருந்தாள்.

"அந்த ஐயாவுக்கு எப்பங்க கண்ணாலம்?"

அவளுக்கும் தெரிந்துவிட்டதா என்று சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "தீவாளிக்கு முன்னாடி மிஷினு வந்தா நாலு வூட்டு ரவிக்கை தெச்சிகினு பொழச்சிக்குவேன். புள்ளைங்க ஒருவேளைதாங்க துன்னுது. அவருக்குப் பொண்ணு கெடைக்கலன்னா நாங்க என்னாங்க பண்றது?"

காபி கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பேன்? போனதும் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாயிருக்கு. நாற்காலி நாற்காலி என்று நானும்தானே அலைஞ்சேன் — அதுல யாரு உட்கார்ந்தா இவ பசி தீரும்னு ஒரு நாளாவது நினைச்சேனா?

4 ஆகஸ்ட்

செய்துவிட்டேன். வகுப்புக் கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டி, மிஷினை மாட்டுவண்டியில் ஏற்றி, கூடவே போய் இறக்கிவிட்டு வந்தேன். போட்டோ இல்லை. சாமியம்மாள் மிஷின் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

சாயங்காலம் நாகம்மாள் வந்து குதித்தாள். "எந்த அதிகாரத்துல ரிப்பனை வெட்டினே, காந்திமதி?"

"கத்தரிக்கோல் அதிகாரத்துலதான்!"

7 ஆகஸ்ட்

என்னை நீக்கப் பொதுக்கூட்டம். சின்னக் குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கடைசி வரிசையிலிருந்து மாணிக்கம்மாள் எழுந்தாள். அவள் புருஷன் பம்ப் ஆபரேட்டர். "நீக்கறதுக்கு முன்னாடி சட்டப் புத்தகத்தைப் படிங்க" என்றாள். பீரோவைத் திறந்து படித்தேன். மூன்றாம் பக்கம்: 'தலைவியை ஆண்டுதோறும் உறுப்பினர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.'

மூன்று வருஷமாக என் பீரோவில் இருந்த புத்தகம். சாவி என் இடுப்பில். தலையில் அடித்துக்கொண்டேன்.

என்னை நீக்கும் பேச்சு அதோடு நின்றது. 21-ம் தேதி ஓட்டு. நானும் நாகம்மாளும் போட்டி.

20 ஆகஸ்ட்

நாளைக்கு ஓட்டு. இன்றைக்குப் பார்த்து இவர் சிரித்துக்கொண்டே வருகிறார், சட்டைப் பையில் காகிதம். பிரமோஷன்! வேலுமணி கெஞ்சிக் கூத்தாடி வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாராம். அந்த இடம் இவருக்கு.

இது வெளியே தெரிந்தால் ஓட்டு எதற்கு? 'காந்திமதிதான், அவ வீட்டுக்காரர்தான் பெரியவர்' என்று நாளைக் காலையிலேயே மாலையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்களே. காகிதத்தைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் புதைத்தேன்.

"ஏ, உனக்குப் பைத்தியமா? இதுக்குத்தானே மூணு மாசமா என் உயிரை வாங்கினே?"

"நாளைச் சாயங்காலம் வரைக்கும் மூச்சு விடக் கூடாது. நாளைக்குக் கசங்கின சட்டையே போடுங்க."

21 ஆகஸ்ட்

எனக்கு இருபத்தாறு. நாகம்மாளுக்குப் பதினெட்டு.

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்து, தவிட்டைத் தட்டி, இவர் கையில் கொடுத்தேன்.

"இப்ப நான் சந்தோஷப்படலாமா?" என்றார்.

படலாம் என்றேன்.