நீ உடைப்பித்த யன்னல்

நேற்று மழை விட்ட பிறகு மாடியைத் திறந்தேன். சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்து, தரையைப் பளபளப்பாக்கி, மூலைக்கு மூலை வாசனைக் குப்பி வைத்திருக்கிறார்கள். ஆனால் சுவர் ஈரமானதும் உள்ளிருந்து அவித்த நண்டின் மணம் எழும்பி வந்துவிட்டது. தனியே நின்று சிரித்தேன். நீ இருந்திருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பாய்.

நாம் நண்டுச் சதை பிரித்த அதே மேல்மாடிதான் இப்போது விற்பனைக்கு வந்திருக்கும் வீடு. கம்பனி நண்டு ஆலையை மூடிவிட்டுப் போன பிறகு கொழும்பு முதலாளி ஒருவர் கட்டடத்தை வாங்கினார். கீழே கோப்பிக் கடை. பக்கத்தில் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வருகிறவர்களுக்கான விடுதிகள். வேலை முடிந்து நாம் பஸ் ஏறும்போது ஆட்கள் மூக்கைப் பொத்திய தெரு, இன்று மன்னாரிலேயே மவுசான தெரு. மாடியை ஆட்களுக்குக் காட்டுகிற வேலை எனக்கு.

'பழைய தொழிற்சாலையின் அழகு மாறாத வீடு' என்று விளம்பரம். கூரையைத் தாங்கும் இரும்புத் தீராந்தி, செங்கல் சுவர், கடலைப் பார்த்த பெரிய யன்னல். காலையிலிருந்து மாலைவரை நின்று வீங்கிய கால்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. உட்கார ஒரு கதிரை கேட்டபோது, "இருந்தா கை மெதுவாகும்" என்று மனேஜர் சொன்னதும் இல்லை. யன்னல் மட்டும் கட்டடக் கலைஞர் ஒருவரின் கற்பனையாம்.

அந்தச் சுவரில் யன்னலே இருக்கவில்லை. நீராவியில் மூச்சு முட்டி, பேசாலையிலிருந்து வந்த கர்ப்பிணிப் பெண் மேசையடியில் சரிந்து விழுந்த அன்றுதான் நீ மனேஜரிடம் போனாய்.

"ஐயா, ஒரு யன்னல் வையுங்கோ. ஆக்கள் விழுகினம்."

"யன்னல் வைச்சா ஈ வரும். ஈ விழுந்தா வெளிநாட்டுக்காரன் பெட்டியைத் திருப்பி அனுப்புவான். போய் வேலையைப் பாருங்கோ."

திரும்பி வந்து கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "காத்துக்குக் கேட்டா ஈயைக் காட்டுறான். இனி கோயில் மணிக்குக் கேப்பம்."

மத்தியானம் மாதா கோயிலில் மூவேளைச் செபத்துக்கான திருந்தாதி மணி அடித்தால் நம் ஆட்கள் கைவேலையை விட்டு எழுந்து நின்று செபம் சொல்வார்கள். கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்களும் நிற்பார்கள். அடைத்த சுவருக்குள் அந்த மணி கேட்பதில்லை. மனேஜரோ கழுத்தில் செபமாலை போட்டவர். மறுநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாய்.

"ஐயா, திருந்தாதி கேக்குதில்லை. வேதக்காரரைச் செபம் சொல்ல விடாத இடமெண்டு ஊரில கதைக்கப் போகினம்."

எருக்கலம்பிட்டியிலிருந்து வேலைக்கு வந்த பரீதா உடனே முன்னுக்கு வந்தாள். "எங்களுக்கும் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேக்க வேணும், சேர்."

மனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மேசனைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

"ஞாயிறு பூசைக்கே பிந்தி வாற ஆள், திருந்தாதிக்கு அழுறியோ?" என்று நான் உன் காதுக்குள் கேட்டேன்.

"மாதாவுக்கு எல்லாம் தெரியும். நீ வாயை மூடிக்கொண்டு நண்டை உடை."

சுவரை உடைத்து, ஈ வராமல் வலை அடித்து, யன்னல் வைத்தார்கள். முதல் நாள் மத்தியானம், மணிக்கு முன்னால் காற்று வந்தது. மணி அடித்தது. எல்லோர் முகமும் யன்னல் பக்கம் இருந்தது. பிறகு அந்தக் கர்ப்பிணிப் பெண் செபத்தைத் தொடங்கினாள். நீயும் சொன்னாய். பகிடிக்கு அல்ல, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய்.

"அடுத்தது கதிரை" என்றாய் அன்று பின்னேரம். அதைத் திரும்பக் கேட்பதற்குள் டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆலைக்குப் பின்னால் எறிந்த பெட்டிகளில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கம்பனி ஒரு மலர்வளையம் அனுப்பியது.

போன கிழமை கொழும்பிலிருந்து கணவனும் மனைவியும் மாடி பார்க்க வந்தார்கள். மணி அடித்தது, பின்னால் பாங்கும் கேட்டது. "சத்தமா இருக்கு. இந்த யன்னலைக் கல் வைச்சு அடைச்சிட்டு ஏசி போடலாம்தானே?" என்றார் கணவர். எதைக் கேட்டாலும் ஓம் சொல்ல வேண்டும் என்பது எனக்கு முதலாளி இட்ட கட்டளை.

"அடைக்கலாம். ஆனா முதல் இது ஆர் உடைப்பிச்ச சுவர் எண்டு கேளுங்கோ" என்று முழுவதையும் சொன்னேன். நண்டையும் சொன்னேன். மனைவி யன்னல் சட்டத்தில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பதில் வரவில்லை.

முதலாளி தொலைபேசியில் குதித்தார். "தங்கச்சி, வீட்டை விக்கச் சொன்னா சரித்திரம் படிப்பிக்கிறீங்கள். இன்னொருக்கா இப்பிடிக் கதைச்சா வேற ஆளைப் பாப்பன்."

"அந்த யன்னலைக் காட்டித்தானே ஐயா விலை சொல்லுறீங்கள்? அது ஆர் வைப்பிச்சது எண்டு நான் சொல்லுவன்."

தொலைபேசியை வைத்துவிட்டார். நாளைக்கே வேறு ஆளைப் போடலாம். சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

எந்த அறைக்குள் போனாலும் என் கண் முதலில் யன்னலைத் தேடுகிறது. யன்னல் இல்லாவிட்டால், எதைச் சொல்லிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறேன். அது உன் புத்தி.

நாளை ஒரு குடும்பம் மாடி பார்க்க வருகிறது. எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டார்கள். மத்தியான மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாங்கோ என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் அழகுக்குப் போட்டிருந்த கதிரைகளில் ஒன்றை இழுத்து, நீ நின்ற இடத்தில், யன்னலோரம் வைத்திருக்கிறேன். நாளைக்கு அதில் இருந்துகொண்டுதான் உன் கதையைச் சொல்லப்போகிறேன்.