வெறுங்காலில் இறங்கிய இடம்

குவைத், நவம்பர் 9

அன்புத் தங்கை ஜெசிந்தா,

நீயும் அப்பாவும் நலமென்று நம்புகிறேன். போனில் சொன்னால் காலைக் காட்டச் சொல்வாய், அதனால் எழுதுகிறேன். பாதத்தில் சின்னப் புண், ஆறிவிட்டது.

கைவிட்ட எண்ணெய்க் கிணற்றைச் சுற்றிக் கெட்டுப்போன மண்ணைக் கழுவிப் புல் விதைத்திருந்தோம். இரண்டு வருட வேலைக்குப் பிறகு செவ்வாய்க்கிழமைதான் முளைத்தது. நம் ஊரில் விதைத்த நிலத்தில் செருப்போடு இறங்க மாட்டோமே, அந்தப் பழக்கத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டேன். மண்ணில் இன்னும் ரசாயனக் காரம் இருந்திருக்கிறது, பாதத்தைப் புண்ணாக்கிவிட்டது.

"இன்னாபா, உங்க முகையூர் கொல்லைன்னு நினைச்சிக்கினியா?" என்றார் கூட வேலை செய்யும் கோட்டக்குப்பம் கமாலுதீன் பாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

மார்கழியில் மல்லாட்டைக் கடலை விதைக்கும்போது எனக்குப் போன் போட்டு வரப்பில் வைத்துவிடு. பேச வேண்டாம். நீங்கள் வேலை செய்யும் சத்தம் கேட்டால் போதும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

தென்னரசு