மாரியின் மீசைக்கு ஓர் அடி

மாசி 9, 1979

இன்று கரைவலை இழுக்கையில், ஆட்கள் ஒருசேர இழுக்க ஒரு கயிற்றுக்கு நான் பாடினேன், மறு கயிற்றுக்கு மாரி பாடினான். அவன் மீசையைக் கிண்டல் செய்து நான் அந்த இடத்திலேயே கட்டிய அடிக்கு என் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கயிறு தளர்ந்தது. வலை ஒரு பக்கமாகச் சாய்ந்து பாதி மீன் போய்விட்டது. மாரி ஒரே பழைய அடியைத்தான் திருப்பித் திருப்பிப் பாடினான். அவன் கயிறு தளரவேயில்லை.

பிறகு யார் கெட்டிக்காரப் பாட்டுக்காரன் என்று கரையில் ஒரே வாக்குவாதம். எல்லோரும் என்னைத்தான் சொன்னார்கள். மாரியும், "உன்னாண்ட நான் நிக்க முடியுமா நைனா?" என்று சிரித்தான்.

என் பாட்டை ஆட்கள் கேட்டார்கள். அவன் பாட்டுக்கு இழுத்தார்கள்.

இதோ, அந்த மீசைக்கு இன்னோர் அடி வந்துவிட்டது. இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்குப் பாடிவிடுவேன்.