தினேஷின் இரும்புக் கை

ஞாயிறு இரவு

அடையாறில் யூசுப் வீட்டில் இன்று, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் புது ரோல்பிளே கேம் ஆரம்பித்தோம். கதையை நடத்துவது யூசுப். தினேஷ் சிப்பாய், நான் ஹேக்கர். விதிகள் எல்லோருக்கும் புதிது. தினேஷ் சண்டை அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு வந்து, எல்லாம் தெரிந்தவன் போல அதட்டிக்கொண்டிருந்தான்.

சண்டைக்கு நடுவிலும் ஹேக்கருக்கு முறை உண்டு. என் முறை வந்தபோதெல்லாம் பகடையை அவனே எடுத்து உருட்டினான்.

"நீ ஓரமா கம்ப்யூட்டர நோண்டிக்கினு இரு. சண்டைய நான் பாத்துக்கறேன்."

அவன் மறுபடியும் கை நீட்டியபோது பகடையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"யூசுப், நெட்வொர்க்ல இருக்கற எதை வேணா ஹேக் பண்ணலாம்ல?"

"பண்ணலாம்."

"தினேஷோட இரும்புக் கைய?"

யூசுப் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அதுவும் நெட்வொர்க்கில்தான் இருக்கிறது என்று தலையாட்டினான். பலமாக அடிக்கலாம் என்று தன் சிப்பாய்க்கு அந்தக் கையைப் பொருத்திய தினேஷ், அதற்கு ஒரு பாஸ்வேர்டு கூடப் போடவில்லை. உருட்டினேன். ஜெயித்தேன். இரும்பு விரல்கள் விரிந்தன. துப்பாக்கி கீழே விழுந்தது. எதிரிகள் அவனைச் சுட்டார்கள்.

"இன்னாடி, ஒரே டீம்ல இருந்துகினு இப்டியா பண்ணுவ?"

"கத்தாத. இப்ப உன் முறை இல்ல."

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் கையைத் திருப்பித் தருவேன். கேட்க மாட்டான். அது என்னிடமே இருக்கட்டும்.